வண்டி இல்லாதவரைக் கேட்டு ஊரை முடிவு செய்யுங்கள்

(விழுப்புரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறைந்த வருமானத்தோடு ஊர் மாறும் குடும்பம் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னார்கள். பொருளாதாரம் படித்தவர்களுக்குரிய தலைப்பு என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாகக் குடிவந்த குடும்பம் சாமான்களை இறக்கிய கையோடு வந்து நிற்கும் இடம் பள்ளிக்கூடம்தான். டி.சி.யை நீட்டும்போதே அந்த வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிடும். ஜூனில் வந்தால் யோசித்து வந்த குடும்பம். நவம்பரில் வந்தால் ஏதோ ஒன்று துரத்த வந்த குடும்பம்.

அப்படி ஒரு நவம்பரில் தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். "அங்க குடுத்த வாடகையில பாதிதான் டீச்சர், அதான் வந்துட்டோம்" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புது மனைப்பிரிவு. "அவரு விடியறதுக்கு முன்னாடியே வண்டிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுவாரு, கம்பெனி பஸ்ஸப் பிடிக்கணும். எங்களுக்குக் காலையில ஒரு பஸ்ஸுதான். அத விட்டா நடைதான் டீச்சர்." பெரியவள் எட்டாம் வகுப்பு. மழை பெய்த நாளெல்லாம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' போட வேண்டியிருந்தது. தாம்பரத்தில் வீட்டு வேலைக்குப் போய்க் கொஞ்சம் சம்பாதித்த அம்மாவுக்கு இங்கே அந்த வருமானமும் நின்றுவிட்டது. ஆண்டு முடிவதற்குள் அவர்கள் மறுபடி வீடு மாறினார்கள்.

அந்தக் குடும்பம் கணக்குப் போடாமல் வரவில்லை. அது வண்டி வைத்திருந்தவருடைய கணக்கு. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: வீட்டில் வண்டி இல்லாதவர் யார் என்று பாருங்கள். பாட்டியாக இருக்கலாம், தாயாக இருக்கலாம், பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம். அவர் தன் காலால் அல்லது டவுன் பஸ்ஸால் எங்கெல்லாம் போய் வர முடியும் என்பதை வைத்து ஊரையும் தெருவையும் முடிவு செய்யுங்கள். வாடகை அதற்குப் பிறகு வரட்டும்.

நம் பகுதிக்கும் இந்தப் பேச்சுக்கும் பழைய உறவு உண்டு. திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கும் கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, வறுமையில் வாடிய பாணன் குடும்பத்துக்கு இந்த நாட்டுக்கு வழி சொல்லும் பாட்டு. எந்தப் பட்டினத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும், அடுத்து எந்த ஊர் என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் அந்தப் பாணன் வீட்டு அடுப்படியையும் காட்டுகிறார் புலவர். உப்பில்லாமல் வேகவைத்த கீரையை, பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொண்டு உண்ணும் குடும்பம். வழி சொல்கிறவர், வழி கேட்கிறவர் வீட்டு அடுப்பைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நடப்புக்கு வருவோம்.

சென்னையில் கூலிக்கும் சம்பளத்துக்கும் இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் என்பது 2020 மே மாதம் எல்லோருக்கும் தெரிந்தது. கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவிய சில நாட்களில் விழுப்புரத்திலும் கடலூரிலும் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. அங்கே மூட்டை சுமந்தவர்களும் கடைகளில் நின்றவர்களும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். சந்தையை மூடியதும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் பலருக்கு அப்போது வந்த எண்ணம் இன்னும் போகவில்லை: குடும்பத்தை இங்கே வைத்துவிட்டு நான் மட்டும் போய் வந்தால் என்ன? இன்று சென்னை வாடகை தாங்காத பலரும், ஊர்த் தொடர்பே இல்லாதவர்களும்கூட, அதே கேள்வியோடு திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் பார்க்கிறார்கள்.

இரண்டும் ஒரே மாதிரி ஊர் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. விழுப்புரம் ரயிலால் வளர்ந்த ஊர். புதுச்சேரிக்கு 1879லேயே இங்கிருந்து தண்டவாளம் போட்டார்கள். இன்று சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிறது. பிழைப்புக்காக வந்தவர்களும் போனவர்களுமாகவே இந்த ஊர் இருந்திருக்கிறது. இங்கே பிறந்த வி.சி. கணேசன் என்ற சிவாஜி கணேசனின் குடும்பமும் இங்கிருந்து திருச்சிக்குக் குடிபோன குடும்பம்தான். 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காட்டைப் பிரித்து மாவட்டத் தலைநகரம் ஆக்கிய பிறகு ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், கல்லூரிகள் எல்லாம் வந்தன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத் தலைமையகமும் இங்கேதான்.

திண்டிவனம் சாலையால் வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் ஒரு கை புதுச்சேரிக்கும் இன்னொரு கை செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிக்கும் பிரிவது அங்கேதான். மணிலாக் கடலைக்குப் பேர்போன மண். அங்கிருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த டி.எம்.வி. ரகங்களை நாடு முழுக்க விதைத்திருக்கிறார்கள். அந்த 'டி.எம்.வி.' திண்டிவனத்தின் சுருக்கம்தான். ஊர் சிறியது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியில் ஏறத்தாழ 96 ஆயிரம் பேர், திண்டிவனத்தில் சுமார் 73 ஆயிரம் பேர். சின்ன ஊரில் பள்ளியும் சந்தையும் கிட்டக் கிட்ட இருக்கும். அது வண்டி இல்லாதவருக்கு நல்லது. அதே நேரம் பெண்களுக்கு உள்ளூரில் கிடைக்கும் வேலையும் குறைவு.

சென்னைப் பக்கம் தினமும் போய் வர வேண்டியவர் வீட்டில் இருந்தால் ரயில் கணக்கை முதலில் பாருங்கள். எழும்பூரிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 160. சீசன் டிக்கெட்டுக்குப் பொதுவான எல்லை 150 கிலோமீட்டர். ஆகவே விழுப்புரத்திலிருந்து தாம்பரம் வரை சீசன் எடுக்கலாம், எழும்பூர் வரை எடுக்க முடியாது. திண்டிவனத்துக்காரருக்கு அந்தச் சிக்கலே இல்லை. விழுப்புரத்தில் வந்தே பாரத் நிற்கிறது என்று வீட்டுத் தரகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நின்று என்ன, சீசன் டிக்கெட்டோடு அதில் ஏற முடியாது. நமக்கு வேண்டியது காலை பாசஞ்சர். அது எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டி, மாலையில் கடைசி வண்டி எது என்று நிலையத்தில் நின்று கேளுங்கள். ஏற்கெனவே போய் வருகிறவர்கள் நடைமேடையிலேயே இருப்பார்கள். அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது.

பேருந்தென்றால் 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததிலிருந்து கணக்கு மாறிவிட்டது. வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் வேலை செய்கிறவருக்கு லாபம். வடசென்னையில் வேலை என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் பாதிப் பயணமே ஆரம்பம். மகேந்திரா சிட்டி, மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை என்றால் கம்பெனி பஸ் எந்த ஊர்வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வீடு தேடுங்கள். திண்டிவனத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொலைதூரப் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகின்றன. இரவு பதினோரு மணிக்கு அங்கே இறங்கும் ஆள் வீட்டுக்கு எப்படி வருவார் என்பதும் வாடகையோடு சேர்ந்த கணக்குதான்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். சென்னைப் புறநகரைவிட மாதம் 4,000 ரூபாய் குறைவாக ஒரு வீடு கிடைக்கிறது, ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேலைக்குப் போய் வருவது, இன்னொரு நடை சாமானுக்கோ பிள்ளைக்கோ. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாளுக்கு 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 20 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் பெட்ரோலுக்கு மட்டும் 2,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு வேன் 1,500 என்று வையுங்கள். மீதி 500. பாட்டியை ஒரு தடவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தால் அதுவும் தீர்ந்தது. தாயின் வருமானம் நின்றதை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீடு பார்க்கும்போது இதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அந்தத் தெருமுனையில் நிற்பது டவுன் பஸ்ஸா, மொபசல் பஸ்ஸா என்று கேளுங்கள். மொபசல் தடத்தில் இருக்கும் வீட்டுப் பெண் சந்தைக்கும் வேலைக்கும் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ் தடத்தில் இருக்கும் வீட்டுக்கு 300 ரூபாய் வாடகை கூடுதல் என்றாலும் நான் அந்த வீட்டைத்தான் பிடிப்பேன்.

மருத்துவமனை அடுத்தது. வயதானவர்களும் நீண்டகால நோயாளிகளும் இருக்கும் வீட்டுக்கு இதுவே முதல் கேள்வியாகவும் இருக்கலாம். விழுப்புரத்துக்கு முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் இரண்டு ஊர்க்காரர்களும் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள். தூரம் இரண்டுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆனால் திண்டிவனத்திலிருந்து போகும் சாலை கோரிமேட்டில் ஜிப்மரைத் தொட்டுக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறது. பேருந்து வாசலிலேயே நிற்கும். விழுப்புரத்திலிருந்து போகிறவர் வில்லியனூர் வழியாக ஊருக்குள் போய் இன்னொரு வண்டி மாற வேண்டும். மாதாமாதம் ஜிப்மருக்குப் போக வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே திண்டிவனத்தைச் சொல்வேன்.

பள்ளிக்கூடம் என் துறை. கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதியுங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் கை கோத்தாற்போல் கிடக்கின்றன. கோட்டக்குப்பம் நம் மாவட்டம், நாலு தெரு தாண்டினால் புதுச்சேரி. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் போனால் மதகடிப்பட்டு அவர்களுடையது, கண்டமங்கலம் நம்முடையது, வில்லியனூர் மறுபடி அவர்களுடையது. "எல்லாம் ஒண்ணுதானே" என்று வீடு பிடித்துவிடுகிறார்கள். ஒன்று இல்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 முதல் படிப்படியாக சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. நம் சமச்சீர்ப் பாடத்தைத் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்புவரை படித்த பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்கைத்தான் பார்க்கிறது. ஊர் மாறும் அவசரத்தில் "இந்த ஒரு வருஷம் பக்கத்துல இருக்கிற மெட்ரிக் பள்ளியில போடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் கெஞ்சியிருக்கிறேன். அந்த ஒரு வருஷம் ஏழு வருஷத் தொடர்ச்சியை அறுத்துவிடும். வீடு மாறுங்கள், ஊர் மாறுங்கள், அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே மாறுங்கள். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள்.

மேலே படிக்கிற வயதில் பிள்ளை இருந்தால் இரண்டு ஊரிலும் அரசு கலைக் கல்லூரி உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் உண்டு. அந்த வகையில் இரண்டு ஊரும் சமம்.

வேலை பற்றிக் கேட்கிறீர்கள். திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள், சுமார் 500 பேருக்கு இடம். பெயரில் விழுப்புரம் இருக்கிறது, இடம் வானூர் வட்டம், புதுச்சேரிக்குப் பக்கம். திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அரசோடு ஒப்பந்தம் போட்டது. நல்ல செய்திதான், பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் ஒப்பந்தத்தை நம்பி வீடு மாற்றாதீர்கள், வேலை உத்தரவு கையில் வந்த பிறகு மாற்றுங்கள். திண்டிவனத்திலிருந்து நகரிக்கும் திருவண்ணாமலைக்கும் ரயில் பாதை அறிவித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. "ரயில் வரப் போகிறது" என்று அப்போது மனை வாங்கியவர்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வந்த முதல் ஆண்டு மனை வாங்காதீர்கள். ஒரு ஐப்பசி கார்த்திகையை வாடகை வீட்டில் கழித்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தைத் தண்ணீர் முட்ட ரயில்களை நிறுத்தினார்கள். அரசூரில் நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. நம் ஊர்ப் புதிய பேருந்து நிலையம் ஏரி இருந்த இடத்தில் கட்டியது. ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே தண்ணீர் தேங்குவதை நீங்களே பார்க்கிறீர்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் புதுச் சுண்ணாம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவு நிலையின் அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஊறி உப்பியிருந்தால் தண்ணீர் நின்ற வீடு. மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா, வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குப் புதிதாகத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களா, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறதா? இவையெல்லாம் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லும். எதிர்வீட்டு அம்மாவிடம் "புயலப்ப தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா" என்று கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்.

அட்வான்ஸ் விஷயம் சுருக்கமாக. 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. போக்கியத்துக்கு வீடு எடுக்கிறவர்கள் மொத்தப் பணத்தையும் ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், பத்திரம் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கரண்ட் பில்லுக்குத் தனி மீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வந்து சேர வேண்டும். ரேஷனுக்குக் கவலை வேண்டாம், 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

சரி, எந்த ஊர் என்று முடிவாகச் சொல்லுங்கள் என்பீர்கள். ஒருவர் தினமும் செங்கல்பட்டு, தாம்பரம் பக்கம் போய் வர வேண்டும், அல்லது ஜிப்மரை நம்பி ஒரு நோயாளி இருக்கிறார் என்றால் திண்டிவனம். இருவரும் உள்ளூரில் உழைத்துச் சாப்பிட வேண்டும், தாய்க்கும் ஒரு வேலை வேண்டும், வளர்ந்த பிள்ளைகள் நாலு திசையில் படிக்கவோ வேலைக்கோ போக வேண்டும் என்றால் விழுப்புரம். இரண்டிலும் ஊருக்குள்ளே, சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. நெடுஞ்சாலை ஓரத்து மனைப்பிரிவில் பெரிய வீடு வேண்டாம்.

கடைசியாக, இந்த அரங்கில் வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வளவு கணக்கும் போட்டு, சரியான தெருவையும் கண்டுபிடித்து, அட்வான்ஸ் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வரும் குடும்பத்தை "நீங்க என்ன ஆளுங்க?" என்ற ஒரு கேள்வியால் ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கூட்டுரோடு தாண்டிப் போய்க் குடியிருப்பதற்கு வாடகை மட்டும் காரணமில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாடகை தர முடியுமா, எத்தனை பேர் இருப்பீர்கள், என்றைக்கு வருகிறீர்கள் என்று கேளுங்கள். சாதியையும் மதத்தையும், என்ன சமைப்பீர்கள் என்பதையும் கேட்காதீர்கள். சாவியை மே மாதத்துக்குள் கொடுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க வேண்டும்.